கண்ணைத் திறந்து எடுத்த படம்

வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் சாந்தினி காலையிலிருந்தே காத்திருந்தாள். செமோர் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கு, தட்டு கழுவுகிறவள். விரலெல்லாம் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்தது. பெரிய டாக்டரின் பின்னால் கட்டில் கட்டிலாகச் சுற்றிவிட்டு வந்த ஜோசலின், அவளைக் கண்டதும் நின்றுவிட்டாள். தாயின் அதே பெரிய கண்கள். செத்துப்போன இருளாயிதான் எழுந்து வந்துவிட்டாளோ என்று தோன்றியது.

"டாக்டர், அம்மாவப் பத்தி எழுதுனது பொஸ்தகத்துல வந்திருச்சாமே? நர்ஸு சொன்னாங்க லா."

வந்துவிட்டதுதான். ஜோசலினுக்கு இது மருத்துவப் படிப்பின் கடைசி வருஷம். ஆராய்ச்சி இதழில் ஒரு கட்டுரையாவது வந்திருந்தால்தான் மேற்படிப்புக்கு இடம் என்று எல்லோரும் காதில் ஓதிக்கொண்டிருந்த நேரத்தில், இருளாயி வந்து சேர்ந்தாள். ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் களைக்கொல்லி அடித்து, முகமெங்கும் கருந்திட்டு விழுந்து, மூச்சுக்குத் தவித்துக்கொண்டு வந்தாள். யாரும் எழுதாத நோய் தானாகக் கட்டிலுக்கு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள் ஜோசலின். பாவி, சந்தோஷம்தான் பட்டாள்!

படம் எடுக்க இருளாயி லேசில் ஒப்பவில்லை. திட்டு விழுந்ததிலிருந்து மகளின் போனுக்குக்கூட முகம் காட்டாதவள். அப்புறம் அவளே கேட்டாள்.

"பொஸ்தகத்துல எம்பேரு, தோட்டத்துப் பேரு எல்லாம் வருமா புள்ள? எனக்கு அடையாளக் கார்டு, அந்த ஐசி, கெடையாது. எம்மவளுக்கும் இல்ல, பேத்திக்கும் இல்ல. டாக்டர்மாரே எழுதிட்டா ஐசி ஆபீஸ்ல நம்புவான் லா."

ஜோசலின் தலையாட்டினாள். நோயாளியின் பெயரைப் போடக்கூடாது என்று தெரிந்தேதான் ஆட்டினாள். ஒரு தலையாட்டலில் என்ன குடிமுழுகிவிடப்போகிறது?

"கண்ண மூடிக்கவா, தெறந்துக்கவா?"

"நல்லா தெறந்து பாருங்கம்மா."

இருளாயி ஜோசலினின் போனை இமைக்காமல் பார்த்தாள். அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து பல் தேய்க்கும்போதும் புத்தகத்தைத் திறக்கும்போதும் கண்ண மூடிக்கவா என்ற அந்தக் கேள்வி ஜோசலினின் காதருகே வந்து நிற்கிறது. மாதா கோயிலில் முழங்காலிட்டு அழுதும் போகவில்லை.

"அக்கா, ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? கேண்டீனுக்குப் போலாமா?" என்று சாந்தினியிடம் பேச்சை மாற்றினாள்.

"வேணாம் டாக்டர். அந்தப் பக்கத்த மட்டும் குடுங்க. நாளைக்கு ஐசி ஆபீஸ்ல வரச் சொல்லியிருக்கான். அம்மா இந்த நாட்டுல இருந்ததுக்கு ஆதாரம் எங்கங்கிறான். தோட்டத்து ஆபீஸயே இடிச்சிட்டானுங்க. நான் எதக் கொண்டுபோய்க் காட்டுவேன்?"

ஜோசலின் பையிலிருந்து அச்செடுத்த தாளை எடுத்தாள். தலைப்புக்குக் கீழே வரிசையாகப் பெயர்கள். முதலில் பெரிய டாக்டர். அடுத்து, இருளாயியின் கட்டில் பக்கமே எட்டிப் பார்க்காத அவருடைய மருமகன். விழுந்து விழுந்து எழுதிய ஜோசலின் கடைசியில். சாந்தினி அந்த வரிசையில் விரலை வைத்தாள்.

"இதுல அம்மா பேரு எது?"

"அதெல்லாம் எழுதுன டாக்டருங்க பேருக்கா."

"அப்ப அம்மா பேரு?"

"போடக்கூடாதாம்க்கா. வயசான இந்தியப் பொம்பளன்னுதான் போட்டிருக்கு."

"தோட்டத்துப் பேரு?"

ஜோசலின் இல்லையென்று தலையை அசைத்தாள்.

"நீங்க வரும்னு சொன்னீங்கன்னு அம்மா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சே டாக்டர்! சரி, போன்ல எடுத்த படமாச்சும் இருக்குமா?"

"கட்டுரை அனுப்புனதும் அழிச்சிரணும்னு சட்டம்க்கா. அழிச்சிட்டேன். மன்னிச்சிருங்க."

சாந்தினி தாளைத் திருப்பினாள். அங்கே அம்மாவின் முகம் இருந்தது. கன்னத்துத் திட்டுகள் ஒன்றுவிடாமல் துல்லியமாகத் தெரிந்தன. ஆளை அடையாளம் தெரியக்கூடாது என்று கண்கள் இரண்டையும் மறைத்துக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள்.

சாந்தினி தாளை மடியில் விரித்து வைத்து, வெளுத்த கட்டைவிரல் நகத்தால் அந்தக் கறுப்பை மெல்லச் சுரண்டத் தொடங்கினாள்.