அழித்தவர் கையில் அம்பு

பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடம். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் தற்காலிக வேலை நிரந்தரமாவதும் பறிபோவதும் அவர் எழுதப்போகும் நாலு வரியில் இருந்தது. “இன்னிக்கு ஒரு நாளாவது கோபத்த வீட்டுலயே வச்சிட்டுப் போ,” என்று கணவர் காலையிலேயே சொல்லியிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குத் தெரியாததா?

மேசைக்கு ஒரு டேப்லெட். எல்லாவற்றிலும் ஒரே பக்கம் திறந்திருந்தது. ஒரு குழு கதையைத் தொடங்க, அடுத்தது தொடர, இன்னொன்று திருத்த, எல்லாம் அப்படியே புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாக ஓடியது. என் டேப்லெட்டை மார்போடு அணைத்தபடி மேசை மேசையாக நடந்தேன். சந்தைக்கடையாக இருக்கும் வகுப்பு அன்று கிசுகிசுப்போடு நின்றது. அதிகாரி தலையாட்டினார்.

திடீரென்று சுவர் வெள்ளையானது. வகுப்பே சேர்ந்து எழுதிய கதையில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

அழித்ததை மீட்க ஒரு வளைந்த அம்புக்குறி உண்டு. ஆனால் அழித்தவர் கருவியில்தான் அது வேலை செய்யும். அழுத்தினால் அவர் பெயரும் சுவரில் வரும். யாராக இருந்தாலும் அழுத்துங்கள் என்றேன். யாரும் அசையவில்லை. பின்னால் அதிகாரியின் பேனா ஓடியது.

என் கண் நேராக வாலுவிடம் போனது. வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். போன வாரம் பக்கத்துக் குழுவின் பத்தியை விளையாட்டுக்கு அழித்துவிட்டுச் சிரித்தவள்.

“நான் இல்ல டீச்சர்.”

“வேற யாரு? வெளிய நில்லு.”

எதற்கும் எதிர்ப்பேச்சு வைத்திருப்பவள், தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள். நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அதிகாரி அவள் பெயரைக் குறித்துக்கொண்டார்.

அவளுடைய டேப்லெட்டை வாங்கிப் பார்த்தேன். அம்பு மங்கிக் கிடந்தது. மற்ற மேசைகளிலும் அப்படியே. கடைசியில் என் கையில் இருந்ததைத் திருப்பினேன். அதில் மட்டும் அம்பு பளிச்சென்று இருந்தது. பதற்றத்தில் நான் இறுக்கிப் பிடித்த பிடியில்தான் எல்லாம் அழிந்திருக்கிறது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டேப்லெட்டை மூடிவிட்டால் யாருக்கும் தெரியாது. வாலுதான் என்று நம்ப எல்லோரும் தயாராக இருந்தார்கள். வேலை போய்விடுமே என்ற பயத்தில் என் விரல் முதலில் மூடுவதற்குத்தான் போனது. கதவுக் கண்ணாடி வழியே அவள் தெரிந்தாள். அழுதுகொண்டே, கதை அழிந்துபோன வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்பை அழுத்தினேன். கதை முழுவதும் திரும்பி வந்தது. அதன் மேலே என் பெயர் சிவப்பாக நின்றது.

“அழிச்சது நான்தான் மேடம். அவ பேர அடிச்சிடுங்க,” என்றேன்.

அதிகாரி அந்தப் பெயரை அடித்தார். பிறகு தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனார்.

கதவைத் திறந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வாலு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தாள்.

“எங்க பத்தி பாதியில நிக்குது டீச்சர்,” என்றாள். “உள்ள வரலாமா?”