முள் இறங்கியபோது

கடைத்தெருவில் அவளை எல்லாரும் பெல்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுந்துபோன ஃபேன் பெல்ட்டைக் கையில் வாங்கி ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாலே அது எந்த வண்டியுடையது என்று சொல்லிவிடுவாள். உதிரிபாகக் கடை அவளுடையது. ஒட்டினாற்போல் இருந்த பட்டறை கணவருடையது. சாமான் விற்பது அவள் பாடு, வண்டிக்குள் கை வைப்பது அவர் பாடு என்று கல்யாணமான புதிதிலேயே வேலை பிரிந்துபோயிருந்தது.

வீட்டிலிருந்த கார் காலமான மாமனார் ஓட்டியது. கொஞ்ச நாளாக அதில் ஏறினாலே லேசாக ஒரு தித்திப்பு வாடை. என்ஜினைக் குளிர வைக்கும் கூலண்டின் வாடை அது. டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. கணவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லி, குறைந்த அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மூடிவிட்டுப் போய்விடுவார்.

அன்றைக்கு அவர் ஒரு லாரியைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். மதியம் நாத்தனாருக்கு வயிற்றுவலி தாங்க முடியாமல் போயிற்று. பக்கத்துக் கிளினிக்கில் கை வைத்துப் பார்த்த டாக்டர், குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடித்தால் ஆபத்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள் என்றார். ஆம்புலன்ஸ் வேறு எங்கோ போயிருந்தது. நாத்தனாரின் கணவர் தையல்காரர். தையல் மெஷினைத் தவிர வேறு எதையும் ஓட்டத் தெரியாது. பெல்ட் அக்கா சாவியை எடுத்தாள்.

ஊரைத் தாண்டும் வரை வெப்பமானியின் முள் ஒழுங்காகத்தான் நின்றது. ஏற்றம் தொடங்கியதும் மெல்ல மேலே போனது. அவள் ஏசியை நிறுத்தினாள். அப்புறமும் ஏறியது. வேறு வழியில்லாமல் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டாள். என்ஜின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்தால் அதற்கு அவ்வளவு பாரம் குறையும். அடுப்பைத் திறந்துவிட்டதுபோல் அனல் அடித்தது. பின்சீட்டில் மடங்கிப் படுத்திருந்த நாத்தனார் முனகினாள். தையல்காரர் கைக்குட்டையால் அவளுக்கு விசிறிக்கொண்டே, இந்த வெயிலில் எதற்கு இது என்று தாளமாட்டாமல் கேட்டார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

திடீரென்று அனல் நின்றது. குளுகுளுவென்று காற்று வந்தது. முள்ளும் சரசரவென்று இறங்கி, வண்டியை எடுக்கும்போது இருந்த இடத்துக்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

"அப்பாடா, சரியாயிடுச்சு" என்றார் தையல்காரர்.

பெல்ட் அக்கா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். அந்த முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரைச் சுற்றித் தண்ணீர் வேண்டும். ஹீட்டரில் அனல் வரவும் தண்ணீர் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் குளிர்ந்தால் என்ஜினில் தண்ணீரே இல்லை என்று அர்த்தம். அவள் நினைத்து முடிப்பதற்குள் சிவப்பு ஆயில் விளக்கு சிமிட்டியது. சூட்டில் ஆயிலும் தண்ணீராய் இளகிக்கொண்டிருந்தது. அவள் ஓரங்கட்டி, சாவியைத் திருப்பினாள்.

"ஏன்மா நிறுத்துறே? இன்னும் கொஞ்ச தூரந்தானே?"

"இதுக்கு மேல ஓட்டினா பாதி மேட்டுல என்ஜின் இறுகிடும்ணா. அங்க ஒதுங்கக்கூட இடம் கிடையாது."

"எங்கப்பா இருந்தவரைக்கும் இந்த வண்டி நடுவழியில நின்னதே இல்ல" என்றாள் நாத்தனார், கண்ணைத் திறக்காமலே.

சுருக்கென்று தைத்தது. பெல்ட் அக்கா நடுரோட்டுக்கே போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றாள். ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டபடி சுற்றிக்கொண்டு போயிற்று. அடுத்து வந்தது காலிக் கேன்கள் ஏற்றிய சின்ன லோடு வண்டி. டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். தையல்காரரும் அவளுமாக நாத்தனாரைத் தூக்கி ஏற்றினார்கள். நீங்க வரலையா அண்ணி என்ற குரலில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"பின்னாடியே வரேன். நீ போ."

வண்டி திருப்பத்தில் மறைந்தது. சொல்லிவிட்டாளே தவிர எப்படிப் போவதென்று அவளுக்குத் தெரியவில்லை. பானெட்டைத் தூக்கினாள். ரேடியேட்டர் மூடி பக்கம் கை போகவில்லை. இப்போது திறந்தால் முகம் வெந்துவிடும். தண்ணீரையும் உடனே ஊற்ற முடியாது, கொதிக்கிற இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் என்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் விரிசல் விழும். சாலையோர வீடொன்றில் இரண்டு குடம் தண்ணீர் கேட்டு வாங்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அங்கே நாத்தனார் என்ன ஆனாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. தையல்காரருக்கு அடித்தால் போன் எடுக்கவில்லை.

சூடு தணியத் தணியக் கண்ணில் பட்டது. என்ஜினுக்குப் பின்புறம் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், கிளிப்புக்கு அருகே வாய் பிளந்திருந்தது. அதன் நேர் கீழே புகைக்குழாய். இத்தனை நாள் சொட்டியதெல்லாம் அந்தச் சூட்டில் ஆவியாகிப் போயிருக்கிறது. தரையில் எங்கே ஈரம் இருக்கும்? ஹீட்டரைத் திறந்து மிச்சத்தையும் தானே கிழித்துவிட்டோமோ என்று ஒரு கணம் கை நின்றது. பிறகு ஆயில் குச்சியை உருவினாள். கறுப்பாக, கருகல் வாடையோடு ஒழுகியது. விரலில் தேய்த்துப் பார்த்தாள். மோர்போல் வெளுத்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, கதை முடிந்தது. வெளுப்பே இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது.

பிளந்த நுனியை பிளேடால் அறுத்தெறிந்தாள். நல்ல பக்கத்தைக் குழாயில் செருகிக் கிளிப்பை முறுக்கினாள். டூல்ஸ் பையிலிருந்த அரை டப்பா ஆயிலையும் விட்டாள். வண்டியை ஸ்டார்ட் செய்து, குமிழி அடங்க அடங்கத் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றினாள். ஆயில் விளக்கு அணைந்தது. ஹீட்டரில் மறுபடி அனல் வந்தபோது, அந்த அனலில் முகத்தைக் காட்டிக்கொண்டு சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு கியரைக் குறைத்து, முள்ளைப் பார்த்துப் பார்த்து மேடேறினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தையல்காரர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஆபரேஷன் நடக்கிறது என்றார். இன்னும் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றாராம் டாக்டர். "நீ நிறுத்தினப்ப ரொம்பத் தப்பா நினைச்சுட்டேன்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்த்துக்கொண்டார்.

கணவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தங்கை பிழைத்துக்கொண்டாள் என்று கேட்டபிறகுதான் வண்டிப் பக்கம் போனார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நீ சொன்னப்பவே நான் பார்த்திருக்கணும்."

"ஆமா" என்றாள். அவரைச் சமாதானப்படுத்த அவளுக்கு மனசு வரவில்லை. ஆயிலை மாற்ற வேண்டும், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கும்போது தானும் பக்கத்தில் நிற்கப்போகிறேன் என்று சொன்னாள். அவர் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் நாத்தனார் கண் விழித்தாள். உதடெல்லாம் காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்து ஒற்றிவிட்ட அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த லோடு வண்டி குழியில இறங்கும்போதெல்லாம் உங்களத்தான் திட்டினேன் அண்ணி."

"திட்டத் தெம்பு இருந்துச்சே, அது போதும்" என்று சொல்லி, பெல்ட் அக்கா மறுபடி பஞ்சை நனைத்தாள்.