முனையில்லாத கத்தி

விக்ரம் தன் அப்பாவுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி ஒரு ரூபாய். அந்த அப்பாவைத்தான் இப்போது வாசலில் பெஞ்சு மேல் கிடத்தி, சுற்றிலும் புடவையை மறைப்பாகக் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அரணாக்கயிற அறுக்கணும். ஒரு பிளேடு குடுங்கபா," என்றார் பெரியப்பா மாணிக்கவேல்.

பிளேடு வந்தது. வழுக்கியது. அப்பா சிட்டிபாபு அரிசி மண்டியில் மூட்டை தூக்கியவர். குனிந்து நிமிர்ந்தால் அறுந்து அறுந்து போகிறது என்று கறுப்பு நைலான் கயிற்றை நாலாக முறுக்கி இடுப்பில் கட்டியிருந்தார். ஈரத்தில் அது சதையோடு சதையாக ஒட்டிக் கிடந்தது. இரண்டாவது பிளேடு பெரியப்பாவின் விரலைத்தான் கீறியது.

"செத்தும் முறுக்கு போவல பாரு இவனுக்கு," என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். யாரோ சிரித்துவிட்டு, அதை இருமலாக மாற்றினார்கள்.

விக்ரம் வீட்டுக்குள் போனான். அடுத்த வாரம் கப்பல் ஏறக் கட்டி வைத்த பையில் அந்தக் கத்தி இருந்தது.

போன மாதம் அப்பாவும் அவனும் மண்ணடிக்குப் போய் வாங்கிய கத்தி. கப்பலில் மேல்தட்டு வேலைக்குப் போகிறவன் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி வைத்திருக்க வேண்டும். கயிறு அறுக்க, இறுகிப்போன முடிச்சைப் பிரிக்க. கடைக்காரர் ஐந்தாறு எடுத்துப் போட்டார். கூர்முனையோடு பளபளவென்று இருந்த ஒன்றில் விக்ரமின் கண் போய் நின்றது. அப்பா கடைக்காரரிடம் கொஞ்சம் எண்ணெய் கேட்டார்.

"எண்ணெயா? இன்னாத்துக்குபா?"

"கை ஈரமா வேர்வையா இருந்தா தொறக்குதான்னு பாக்க வாணாமா?"

எண்ணெய் விரலால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். விக்ரமுக்குப் பிடித்த கத்தி நகத்துக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒரு கத்தி மட்டும் சொன்ன பேச்சு கேட்டது. திறந்ததும் டக்கென்று பூட்டிக்கொண்டது. முடிச்சை நெம்ப ஒரு தடித்த ஊசி, நாடா கோத்துத் தொங்கவிட ஒரு வளையம், எல்லாம் இருந்தது. அலகுக்கு முனைதான் இல்லை. சப்பையாக முடிந்திருந்தது.

"முனை ஒடஞ்ச கத்திய என் தலையில கட்டப் பாக்கறியா? பாதி வெல போட்டுக்கோ."

கடைக்காரர் சிரித்தார். "ஒடையலபா, செய்றதே அப்டிதான். கப்பல் ஆடும். மேல ஏறி வேல செய்றவன் கையிலேந்து நழுவி வுழுந்தா, கீழ நிக்கறவன குத்தக்கூடாதுல்ல?"

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சப்பை முனையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். "அப்ப இதான்," என்றார். அதற்கப்புறம் விலை பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தியைக் கையில் தரவில்லை. தரையில் வைத்தார். சும்மா கொடுத்தால் உறவு அறுந்துபோகும், காசு வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"காசு யார்பா இப்ப வெச்சிக்கினு இருக்காங்க? ஜிபே பண்றேன்."

"உன் ஜிபேய நீயே வெச்சிக்கோ. ஒரு ரூபா என் கையில படணும். அதுவரிக்கும் கத்தி என்னுது. நீ தொட்டுப் பாத்துக்கோ, அவ்ளோதான்."

அதிலிருந்து வேலை விட்டு வரும்போதெல்லாம் கையை நீட்டுவார். "கப்பல்காரரே, பாக்கி?" விக்ரமும் சிரித்துக்கொண்டே "நாளைக்குபா" என்பான்.

நேற்று காலை ஐயம்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த மீதியில் ஒரு ரூபாய்க் காசு வந்தது. சாயங்காலம் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டு வைத்தான். மத்தியானம் மண்டியிலிருந்து போன் வந்தது. முதுகு மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

கத்தியோடு அவன் வெளியே வந்ததைப் பார்த்து அம்மா வடிவு எழுந்தாள். "டேய், அது கப்பலுக்குப் போற கத்திடா."

"பொணத்துல பட்டுச்சின்னா திரும்ப வூட்டுக்கு வரக்கூடாது," என்றார் பெரியப்பா. "சுடுகாட்டோட வுட்டுடணும். யோசிச்சிக்கோ. வேற பிளேடு வாங்கியாரச் சொல்றேன்."

"இன்னும் அது அப்பா கத்திதான் பெரிப்பா."

அப்பாவின் தலைக்குத் தேய்த்த எண்ணெய் அவன் கையெல்லாம் இருந்தது. கத்தி ஒரு விரலுக்கே திறந்தது. கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவில் சப்பை முனையை மெல்ல நுழைத்தான். தோலில் ஒரு கீறல் விழவில்லை. ஒரே இழுப்பு.

பெரியப்பா கத்தியை வாங்கி பெஞ்சுக் காலடியில் போட்டார். புது வேட்டி சுற்றினார்கள். நெற்றியில் சந்தனம் அப்பினார்கள்.

"நெத்திக் காசு குடுங்கபா. ஒரு ரூபா."

ஆளாளுக்குப் பையைத் துழாவினார்கள். எல்லார் கையிலும் போன் வந்தது, காசு வரவில்லை.

"பத்து ரூபா காசு கீது, ஆவுமா?" என்றான் மண்டி ஆள் பழனி.

"மீதிய எவன்டா போய் கேட்டு வாங்கறது?" என்றார் பெரியப்பா.

வீட்டுக்குள் போய், ஆணியில் தொங்கிய நேற்றைய சட்டைக்குள் விக்ரம் கையை விட்டான். காசைக் கொண்டுவந்து முதலில் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தான். விரல்கள் மூடவில்லை. எடுத்து நெற்றியில் வைத்தான். சந்தனத்தில் பதிந்து நின்ற பிறகும் கட்டைவிரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் இருந்தான். அப்புறம் குனிந்து, தரையில் கிடந்த கத்தியை எடுத்தான்.

"டேய், அத கீழ போடுடா."

"வுடுங்க மாமா," என்றாள் வடிவு. "அவன் காசு குடுத்துட்டுத்தான் எடுக்கறான்."

பெரியப்பா கீறிய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே மேளக்காரர்கள் எழுந்தார்கள்.

அலகு மடங்கும் இடத்தில் கறுப்பு நூல் ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுக்காமலே விக்ரம் கத்தியை மடக்கினான்.