வாத்தியார் போட்ட வயசு

“வயசுக்கு முன்னால ‘இன்’ போடாத சித்தி, ‘அட்’ போடு. அட் தி ஏஜ் ஆஃப் ஃபோர்ட்டீன்!” பத்து நாளாக அக்கா மகள் ஜனனி படுத்தி எடுத்தாள். புதுவயல் அரிசி ஆலைக் களத்தில், அவித்த நெல்லைக் காலால் கிண்டியபடியே மகாலட்சுமி அதை முணுமுணுத்தாள்.

“என்னடி, நெல்லுக்கு மந்திரம் போடுறியா?” என்றாள் கூட வேலை செய்யும் சின்னத்தாயி.

“காரைக்குடியில பழைய வீட்ட ஓட்டலாக்கியிருக்காகக்கா. வாரவுகள வரவேற்க ஆள் வேணுமாம். பத்தாவது, கொஞ்சம் இங்கிலீசு, முப்பத்தஞ்சு வயசுக்குள்ள.”

“ஒன் மூஞ்சியப் பாத்து வெள்ளக்காரன் மறுபஸ் ஏறிரப் போறான்!”

மகாலட்சுமி சிரிக்கவில்லை. இருபது வருட வெயிலில் அவளது உள்ளங்கால் வெடித்துக் கிடந்தது. நிழலில் ஒரு வேலை, அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நேர்காணலில் மேலாளர் உதயகுமார், எந்த வயதில் வேலைக்குப் போனாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“அட் தி ஏஜ் ஆஃப் ஃபோர்ட்டீன், சார். ஆஃப்டர் டென்த்.”

“குட்” என்றபடி சான்றிதழைப் பார்த்தவரின் புருவம் ஏறியது. “இதுப்படி பத்தாவது முடிக்கையில பதினஞ்சரையில்ல? அப்ப இப்ப முப்பத்தாறு ஆச்சே.”

ஆத்தா சொன்ன கணக்கில் முப்பத்துநாலரை. காகிதத்தை எண்ணிப் பார்க்க இதுவரை அவளுக்குத் தோன்றியதே இல்லை.

“அது வாத்தியார் போட்ட வயசு சார். தலையச் சுத்திக் கைய வச்சு மறுபக்கத்துக் காதத் தொட்டாத்தான் ஒண்ணாப்புல சேப்பாக. எனக்குக் கை நீளம், நாலு வயசுலயே தொட்டுட்டேன். அஞ்சரைன்னு எழுதிப்புட்டாக. களையெடுக்கப் போற அவசரத்துல ஆத்தாவும் பேசாம இருந்துருச்சு.”

“நம்புறேம்மா. ஆனா ஓனர் காகிதத்தத்தான பாப்பாரு? ரூம் கூட்டித் தொடைக்க ஆள் வேணும். அதுக்கு வயசு பாக்கறதில்ல. வாரீகளா?”

பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வயலுக்கு ஓடிய ஆத்தாவைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தானும் அதைத்தான் செய்திருப்பாள்.

“வாரேன் சார்.”

வாசலில் காத்திருந்த ஜனனிக்கு, சேதியைக் கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. “கூட்டுறதுக்கா இம்புட்டுப் படிச்ச?”

“வரவேற்குற எடத்துல எவளாச்சும் லீவு போடுவாள்ல. அன்னைக்கு நான் அங்கிட்டுத்தான் நிப்பேன். மத்த நாளைக்கி வெளக்குமாறு. இனிமே அந்த வெயில்ல களத்துக்குப் போகணுமா? போக வேணாம். நட.”