உரக்கடை நம்பர்

வெள்ளிக்கிழமை மதியம் வாகையேந்தலில் எந்தப் பெண்ணையும் வயலில் பார்க்க முடியாது. சோற்றைத் தின்றதும் தின்னாததுமாகக் கிளம்பிப் போய், பூமிநாதன் உரக்கடையில் யூரியா மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிடுவார்கள். சவூதியில் அன்றைக்கு லீவு. ஊரிலிருந்து போன ஆண்கள் அத்தனை பேரும் தம்மாமில் ஒரே காம்பில் கிடந்தார்கள். எல்லாரும் சேர்ந்து ஒரு போன் கார்டு வாங்கி, உரக்கடை நம்பருக்கு அடிப்பார்கள். அங்கே ஆண்கள் வரிசை, இங்கே பெண்கள் வரிசை. அங்கே ஒருவன் பேசிவிட்டு அடுத்தவன் கையில் ரிசீவரைக் கொடுத்தால் இங்கேயும் கை மாறும். பெண்டாட்டி வராவிட்டால் அந்த வீட்டு ஆள் எவன் வந்து நிற்கிறானோ அவன் பேசலாம். ஒருத்தருமே இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரி சேதியை வாங்கிக்கொள்வாள். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனாலும் தொண்ணூற்று நாலில் அந்த ஊரில் அதை மீறியவர் கிடையாது.

செவ்வந்திக்கு அந்தக் கடையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும். மற்ற நேரமெல்லாம் பூமிநாதன் ரேடியோவை அலறவிடுவான். யாராவது ருசியான சங்கதி பேச ஆரம்பித்தால் மட்டும் கை மெதுவாகப் போய் ரேடியோவை அணைக்கும். லைன் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கத்தினாலும் கத்தல் கத்தல்தான்.

சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை போனில் தன் புருஷன் பால்சாமியிடம் ஒரு விஷயம் சொன்னாள். அவனுடைய தம்பி குருநாதன் இறால் பண்ணைக்காரர்களோடு ஜீப்பில் சுற்றுகிறான், கண்மாய்க்குக் கீழே அண்ணன் தம்பிக்குப் பொதுவாக இருக்கும் வயலை, அந்தக் கூட்டுச் செய்யைக் கொடுத்துவிடப் பார்க்கிறான், அசந்துவிடாதீர்கள் என்று சொன்னாள். பேசி முடித்து, வழியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அதற்குள் குருநாதன் வாசலில் நின்றுகொண்டு, போனில் என்னைப் பற்றி என்னமோ கோள் சொன்னாயாமே மதினி என்று சிரித்தான். அன்றிலிருந்து ஜீப் ஊருக்குள் வருவதில்லை. அவன்தான் திருப்பாலைக்குடிக்குப் போய்ப் பண்ணைக்காரர்களைப் பார்த்துவிட்டு வந்தான். அந்தப் பக்கம் ஏற்கெனவே பண்ணை வந்த இடங்களில் கடல் தண்ணீரைப் பாய்ச்சிக் குளம் கட்டியிருந்தார்கள். குளத்தைச் சுற்றியிருந்த செய்களில் நெல் வெந்த மாதிரி கருகி நின்றதைச் செவ்வந்தி பஸ்ஸிலிருந்து தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

பட்டா அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. பால்சாமி பவர் எழுதிக் கொடுக்காமல் குருநாதனால் ஒரு பிடி மண்ணைக்கூட விற்க முடியாது. ஆகவே பால்சாமியின் காதில் யார் முதலில் ஓதுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் காதுக்குப் போக ஒரே வழி உரக்கடை. காம்புக்கு இங்கிருந்து போன் போட முடியாது. கடிதம் போய்ச் சேருவதற்குள் செய்யில் இறால் துள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் விலக்கு ரோட்டில் முருகேஸ்வரி எஸ்.டி.டி. பூத் திறந்தாள். செவ்வந்தியோடு படித்தவள். சிறு வயதிலேயே கால் சூம்பிப்போனதால் அந்தக் கோட்டாவில் அவளுக்குப் பூத் கிடைத்தது. கண்ணாடிக் கதவு போட்ட கூண்டு, உள்ளே ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் காற்றாடி. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே பேசுவது வெளியே இருக்கிற முருகேஸ்வரிக்கே கேட்காது. வெளிநாட்டிலிருந்து வருகிற போனுக்குப் பூமிநாதன் காசு வாங்குவான். இவள் வாங்க மாட்டேன் என்றாள்.

செவ்வந்தி வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு ராக்குவில் ஆரம்பித்து ஒருத்தியையும் விடவில்லை. அத்தனை பேரும் பூமிநாதனைத் திட்டத்தான் செய்தார்கள். ஒருத்தியின் தங்கை கல்யாணம் நின்றுபோனதே அவன் வாயால்தான். சோணையம்மாளின் கர்ப்பப்பை ஆபரேஷன் சேதி திருவாடானை சந்தை வரைக்கும் போனது. எல்லாரும் மாறினால் நானும் மாறுகிறேன் என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். எல்லாரும் என்பது யார் என்று கேட்டால் அடுத்த வீட்டைக் கை காட்டினாள். என் வீட்டுக்காரர் மட்டும் தனியாகக் கார்டு வாங்குவாரா, அங்கே வரிசையில் இருப்பவர்கள் ஒரே நம்பருக்குத்தானே அடிக்கிறார்கள் என்றாள் ராக்கு. சரி, காம்பில் சொல்லச் சொல் என்றால், வீட்டில் எல்லாரும் மாறிவிட்டீர்களா என்று காம்பில் கேட்டார்களாம். வாயால் சொல்லாத காரணம் வேறொன்றும் இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் போய்விட்டால் அடுத்தவள் புருஷன் என்ன சொன்னான் என்று எப்படிக் கேட்பது? தன் மானம் போகிறதே என்று அழுகிறவளும், அடுத்தவள் பேசும்போது காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

போங்கடி, நான் தனியாக மாறுகிறேன் என்று செவ்வந்தி முடிவு செய்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை உரக்கடையில் தன் முறை வந்ததும் முருகேஸ்வரி நம்பரைப் பால்சாமியிடம் இரண்டு தடவை சொல்லி, வருகிற வாரம் இதற்குத்தான் அடிக்க வேண்டும் என்றாள். அவன் சரி சரி என்றான். பூமிநாதனின் ரேடியோ அப்போது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அந்த வாரம் அவள் கூண்டுக்குள் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து காத்திருந்தாள். வெயில் சாய்ந்து, கடைசி பஸ்ஸும் தொண்டிப் பக்கம் போய்விட்டது. போன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. லைன் செத்துப்போச்சோ என்று முருகேஸ்வரி இரண்டு தடவை ரிசீவரை எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ராக்கு மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். வழக்கம்போல உரக்கடைக்குத்தான் போன் வந்தது. பால்சாமியும் வரிசையில் வந்தான். செவ்வந்தியின் இடம் காலியாக இருந்ததால் வீட்டு ஆள் என்ற முறையில் குருநாதன் ரிசீவரை வாங்கினான். மதினிக்கு மேலுக்குச் சரியில்லை, என்னைப் பேசச் சொன்னது, செய்யைக் கொடுத்துவிடலாம் என்று அதுவும் ஒத்துக்கொண்டது என்று அண்ணனிடம் சொன்னான். லீவில் வந்திருக்கும் தொண்டிக்காரர் ஹமீது சுல்தான் திரும்பிப் போகும்போது பவர் பேப்பரைக் கொண்டுவருவார், கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றும் சொன்னான்.

"நீ பக்கத்துலதான இருந்த?" என்று செவ்வந்தி கேட்டாள். "அவன் பொய்யி சொல்றான்னு சொல்ல வாய் வரலையா? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"ஒங்க வீட்டு விசயத்துல நான் எப்பிடித்தா நொழைய முடியும்?" என்றாள் ராக்கு. "நீ வந்து ஒன் எடத்துல உக்காந்திருந்தா அவன் ஏன் வாங்கப் போறான்?"

செவ்வந்திக்கு அவளை அறையலாம் போலிருந்தது. ஊர் விஷயத்திலெல்லாம் நுழைந்து பார்க்கிற காதுக்கு, நுழையக் கூடாத இடம் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை ஹமீது சுல்தான் விமானம் ஏறிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கவரைக் கொடுத்தார்கள், கொண்டுபோனார்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் செவ்வந்தி உரக்கடைக்குப் போனாள். போனுக்கு நேராக இருந்த மூட்டையில் ஏறி உட்கார்ந்தாள்.

"என்னத்தா, கண்ணாடிப் பொட்டிக்குள்ள காத்து வரலையோ?" என்றான் பூமிநாதன். இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குருநாதனும் வந்து சைக்கிளில் சாய்ந்து நின்றான்.

போன் வந்தது. முதல் இரண்டு வீடுகள் பேசி முடித்தன. பால்சாமி பெயரைப் பூமிநாதன் சொன்னதும் குருநாதன் கையை நீட்டி, நான் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் மதினி என்றான். அவள் முழங்கையால் அவனை நெட்டித் தள்ளிவிட்டு ரிசீவரைப் பிடுங்கினாள். பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டாயிற்றா என்று கேட்டாள். அவன் அதை விட்டுவிட்டு, அங்கே வெயில் கொடுமை என்றான்.

மேலுக்கு எப்படி இருக்கிறது என்று பால்சாமி கேட்கவில்லை. பெண்டாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று போன வாரம் கேட்டவன், இந்த வாரம் அதை விசாரிக்கக்கூட இல்லை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. தம்பி சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரியும். செய்யை விற்க அவனுக்கும் ஆசைதான். அவளிடம் அதைச் சொல்ல வேண்டியிருக்குமே என்றுதான் அந்த நம்பருக்கு அடிக்காமல் இருந்துவிட்டான். இத்தனை நாளும் எவன் காதைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்தாளோ, அந்தக் காது எப்போதோ விலைபோய்விட்டது.

"எல்லாரும் நிக்கிறாய்ங்க," என்றான் பால்சாமி. "பெறகு பேசலாம். மெதுவாப் பேசு."

செவ்வந்தி வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். பூமிநாதனின் கை ரேடியோவை அணைத்தது.

"நிக்கட்டும். இங்கனயுந்தான் நிக்கிறாக," என்றாள். குரல் தெருக்கோடி வரை போயிருக்கும். "நம்ம செய்யில இறாலுக்கு உப்புத்தண்ணிய விட்டா, அதுக்குக் கீழ இருக்கிற ராக்கு செய்யி என்னாகும்? சோணையம்மா செய்யி என்னாகும்? வெளையுமா? அடுத்து பேசுறதுக்கு ராக்கு வீட்டுக்காரரு முத்தழகு அண்ணன் அங்கன நிப்பாரு. அவருகிட்ட இதச் சொல்லிட்டு அந்தப் பேப்பர அனுப்புங்க."

சொல்லிவிட்டு ரிசீவரை ராக்கு கையில் திணித்தாள். அடுத்த முறை அவளுடையது.  ராக்குவுக்கு இருப்பது அந்த ஒரு செய் மட்டும்தான். அவளும் முந்தானையை இறக்கினாள்.

"ஏங்க, பால்சாமி அண்ணன் கையில இருக்கிற பேப்பர வாங்குங்க," என்று முத்தழகுவிடம் கத்தினாள். "என்ன ஏதுன்னு பெறகு சொல்றேன். மொதல்ல வாங்குங்க."

அதற்கப்புறம் பேசிய ஒவ்வொருத்தியும் அதையேதான் பேசினாள். அன்றைக்கு யாரும் பிள்ளை படிப்பைச் சொல்லவில்லை, மாடு கன்று போட்டதைச் சொல்லவில்லை. கார்டு தீர்ந்து லைன் அறுகிற வரைக்கும் அங்கே ஆண்கள் பால்சாமியைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது இங்கே கேட்டது. குருநாதன் எப்போது சைக்கிளை எடுத்தான் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

"பாத்தியா," என்றாள் ராக்கு, மூச்சிரைக்க. "அந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்து பேசியிருந்தா இது நடந்துருக்குமா?"

நடந்திருக்காது. அதை மறுக்க முடியாததுதான் செவ்வந்திக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. தன் செய் கருகும் என்று தெரிந்த பிறகு எழுந்தவர்கள், அடுத்தவள் செய் போகும்போது மூட்டையைவிட்டு அசையவில்லை. அதைச் சொல்லிச் சண்டை போடலாம். போட்டால் அதுவும் நாளைக்குச் சந்தைக்குப் போகும். அவள் பேசாமல் இறங்கி நடந்தாள்.

விலக்கில் முருகேஸ்வரிக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. அவள் கோபப்படவில்லை. ஜெராக்ஸ் மிஷினுக்கு லோன் கேட்டிருக்கிறேன் என்றாள்.

"போனுன்னா ஊரே வரணும்," என்றாள். "ஜெராக்ஸுக்கு ஒருத்தன் வந்தாப் போதும்."

மறு வெள்ளிக்கிழமை செவ்வந்தி மறுபடியும் உரக்கடைக்குப் போனாள். காம்பில் முத்தழகு பேப்பரைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டான் என்ற சேதி முதல் வீட்டிலேயே வந்துவிட்டது. பால்சாமி முறை வந்தபோது ரிசீவரில் ஆள் வரவில்லை. அவனுக்குத் தலைவலியாம், பேசவில்லையாம் என்று முத்தழகுதான் ராக்குவிடம் சொன்னான். பூமிநாதன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான்.  எல்லாக் கண்ணும் அவள் மேல் இருந்தது. நாளைக்குச் சந்தையில் இது எப்படி விற்கும் என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வந்தி ராக்கு கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள்.

"அண்ணே, அவரு ஒங்க பக்கத்துலதான் நிப்பாரு. அவருக்குக் கேக்கும். மழைக்கு முன்னாடி வெதச்சாகணும். அவரு தம்பி ஏரு குடுக்க மாட்டேங்கிறான். டிராக்டருக்குச் சொல்லிட்டேன். எங்க பாகம் மட்டுமில்ல, மொத்தச் செய்யையும் நானே உழுது வெதைக்கப் போறேன். தலைவலி தீந்தா வந்து தடுக்கச் சொல்லுங்க."

ரிசீவரை ராக்குவிடம் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்குப் போகவில்லை. திரும்ப மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்து, அடுத்த வீட்டுக்காரி பேசுவதைக் கேட்க ஆரம்பித்தாள்.