கருவாட்டுக்கு உப்பு

சொந்த வீட்டில் வெந்நீர் கூட வைக்கத் தெரியாத ஆண்கள், ஸ்பெயினின் சான் செபாஸ்தியானில் சமையல் சங்கத்துக்குள் நுழைந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதும், சமையல் சக்கரவர்த்திகளாகிவிடுவார்கள். சங்கத்துச் சாவி ஆண்களிடம்தான். அடுப்பும் அவர்களுக்குத்தான். சில ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிமாரைச் சாப்பிடக் கூப்பிடுவார்கள். கூடத்தில் உட்காரலாம், சாப்பிடலாம், கைதட்டலாம். அடுப்படிக்கு ஏறும் ஒற்றைப் படியில் மட்டும் பெண்கள் கால் வைக்கக் கூடாது. ஊரில் பல சங்கங்கள் திருந்திவிட்டன. ஃபெர்மினின் சங்கம் திருந்தவில்லை, திருந்தும் உத்தேசமும் அதற்கு இல்லை.

ஃபெர்மினின் மனைவி இட்சியாருக்கு இதில் எரிச்சல் உண்டு. வருஷம் முழுக்கச் சமைக்கிறவளுக்கு யாரும் கைதட்டியதில்லையே. ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இருந்தது எரிச்சல் இல்லை, பயம். ஃபெர்மினுக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. அது அவளுக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். போன மாதம் சங்கத்தில் காஸை அணைக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டான். சங்கத் தலைவர் லோரென்சோ ஃபெர்மினுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. அவர் இட்சியாரை மீன் மார்க்கெட்டில் ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காத இட்சியார். மத்தவங்க என்னைப் பிச்சுப் பிடுங்கறாங்க. ஞாயித்துக்கிழமை சாப்பாட்ட அவனே சமைக்கட்டும். நல்லா வந்துச்சுன்னா எல்லார் வாயையும் நான் அடைச்சிடுவேன். வரலைன்னா சாவிய வாங்கித்தான் ஆகணும்."

கப்பல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஃபெர்மினுக்கு என்று இருந்தது அந்தச் சங்கம் ஒன்றுதான். அதையும் பிடுங்கிவிட்டால் மனிதன் நாற்காலியோடு நாற்காலியாகிப் போவான். அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவன் சமைக்கப்போவது பில்பில். காட் மீன் கருவாட்டை இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி உப்பை இறக்க வேண்டும். பிறகு பூண்டு வாசம் ஏறிய ஆலிவ் எண்ணெயில் மெல்ல வேகவிட்டு, மண்சட்டியை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மீனின் பசையும் எண்ணெயும் கலந்து வெள்ளையாய்த் திரண்டு வரும். அந்த ஆட்டலில் ஃபெர்மினை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பது ஊர்ப்பேச்சு. இந்தத் தடவை ஊறப்போட்டதும் தண்ணீர் மாற்றியதும் இட்சியார். அவன் சுத்தமாக மறந்துபோயிருந்தான். "நீ ஊறப்போட்ட மீன் எவ்வளவு பதமா வந்திருக்கு பாரு" என்று அவனிடமே புளுகினாள்.

தெரிந்த தெருவில் நாலு தப்படி நடந்தால் தலை தெளியும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. அதனால் காலையிலேயே அவனை வெளியே கிளப்பினாள். முதலில் மியூசியம். அது ஒரு காலத்தில் துறவிகள் மடம். மடத்துத் தேவாலயத்தின் சுவர்களில் கூரையைத் தொடுகிற ஓவியங்கள், பொன்னிறமும் கறுப்புமாய். திமிங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள், கப்பல் கட்டுகிறவர்கள், கொல்லர்கள். ஃபெர்மின் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தான்.

"ஊரே வேலை பாக்குது, ஒருத்தன் உடம்புலயும் சட்டை இல்ல பாத்தியா? நம்ம ஊர் மழைக்கு ரெண்டே நாள்ல ஜன்னி கண்டு செத்திருப்பானுங்க."

காவலுக்கு நின்ற பெண் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இட்சியார் சிரித்தாள். பழைய ஃபெர்மின் வந்துவிட்டான் என்று நம்பினாள். டாக்டர்களுக்கு என்ன தெரியும் என்று கூட நினைத்தாள்.

அந்த நம்பிக்கை மதுக்கடை வரைக்கும் தாங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மடக்கு வைன், ஒரு வாய் தீனி என்பது ஞாயிற்றுக்கிழமை வழக்கம். தட்டுகள் மேடை முழுக்கப் பரப்பியிருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பும்போது என்னென்ன தின்றோம் என்று நாமே வாயால் சொல்ல வேண்டும். கடைக்காரன் எதிர்க்கேள்வி கேட்க மாட்டான். அதில் பொய் சொல்கிறவனைப் போல மட்டமானவன் அந்த ஊரில் கிடையாது.

"என்னத்தச் சாப்பிட்டேன்? இப்பத்தானேய்யா உள்ள வரேன்" என்றான் ஃபெர்மின், கணக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில். அவன் உதட்டில் நெத்திலியின் எண்ணெய் மினுங்கியது.

கடைக்காரன் சிரித்தான். "வயசாக வயசாக வாய் பெருசாகுது, கணக்கு சின்னதாகுதா ஃபெர்மின்?"

"என்னைத் திருடன்னா சொல்ற? இத்தனை பேர் முன்னாடியா?"

இட்சியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "விளையாடறாருப்பா. நெத்திலி ரெண்டு, முட்டை ஒண்ணு, நண்டு ஒண்ணு. நான் தரேன்." வெளியே வந்ததும் அவன் அதையும் மறந்துவிட்டு விசிலடித்தான்.

சங்கத்தில் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் கதவு கிடையாது, ஒரு வளைவும் அந்தப் படியும்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். அடுத்தவன் சட்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்பது அங்கே இன்னொரு சட்டம். ஆகவே ஃபெர்மின் தனியாக நின்றான். லோரென்சோவின் மனைவி பெகோனா பக்கத்தில் உட்கார்ந்து மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். இட்சியார் காதில் எதுவும் ஏறவில்லை.

பூண்டு பொன்னிறமாகி வாசம் வந்தது. மீன் சட்டியில் இறங்கியது. ஃபெர்மினின் கைகள் சட்டியை ஆட்ட ஆரம்பித்தன. தலை மறந்ததைக் கை மறக்கவில்லை. வட்டம் வட்டமாக, அவசரமே இல்லாமல் ஆட்டினான். எண்ணெய் வெளுத்துத் திரண்டது. "அடேயப்பா!" என்று யாரோ சொன்னார்கள். லோரென்சோ அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அதுவரை தொடாத வைன் கோப்பையை இட்சியார் கையில் எடுத்தாள்.

அப்போது ஃபெர்மின் உப்பு ஜாடியைத் திறந்தான்.

கருவாட்டுக்கு எவனாவது உப்புப் போடுவானா? அவன் போட்டான். ஒரு பிடி. ஜாடியை மூடினான். சட்டியை ஆட்டினான். மறுபடி திறந்து இன்னொரு பிடி. பேச்சும் வைனுமாக இருந்த ஆண்கள் ஒருவரும் பார்க்கவில்லை. இட்சியார் எழுந்துவிட்டாள்.

சட்டியைத் தட்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தோன்றியது. உடைந்தால் பழி அவள் தலையில் விழும். படி தாண்டி வந்து குட்டிச்சுவராக்கினவள் என்று ஊர் அவளை ஏசட்டும். சாவி தப்பிக்கும். அவள் படியேறினாள். பின்னால் கூடமே திரும்பிப் பார்த்தது.

ஃபெர்மின் திரும்பினான். அவன் முகத்தில் கோபமே இல்லை. அவள் முழங்கையை மெதுவாகப் பற்றினான்.

"மன்னிக்கணும்மா. பொம்பளைங்க இங்க வரக் கூடாது, சங்கத்து வழக்கம். என் பொண்டாட்டியே இத்தனை வருஷத்துல இந்தப் படிய மிதிச்சதில்ல. சந்தேகம்னா அவளையே கேளுங்க, அங்கதான் எங்கயாவது உக்காந்திருப்பா."

கூடமே வெடித்துச் சிரித்தது. "போடு! பொண்டாட்டிய மடக்க இவனை விட்டா ஆள் யாரு?" என்று ஒருவர் மேஜையைத் தட்டினார். ஃபெர்மின் அவளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிவிட்டுப் போய், மூன்றாவது பிடி உப்பைப் போட்டான். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன தமாசு!" என்று பெகோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இட்சியாரும் சிரித்தாள். வேறு என்ன செய்வாள்? பெயர், முகம், முப்பத்தாறு வருஷத் தாம்பத்யம் எல்லாம் போய்விட்டது. அந்தப் பாழாய்ப்போன சட்டம் மட்டும் அவன் தலையில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

மீன் வந்தது. முதல் வாயிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. முள்கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் இறங்கின. லோரென்சோ மட்டும் கடைசித் துண்டுவரை தின்றார், கண்ணில் நீர் முட்ட. பிறகு எழுந்து கைதட்டினார். எல்லாரும் எழுந்து தட்டினார்கள், அவன் நன்றாகச் சமைத்த நாட்களில் கூட அப்படித் தட்டியதில்லை. வழியனுப்புகிற கைதட்டல் அது என்று இட்சியாருக்குப் புரிந்தது. லோரென்சோ அவன் தோளில் கைபோட்டார்.

"சாவிய குடு ஃபெர்மின். இன்னிக்கு நான் பூட்டிக்கறேன்."

அவன் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவன் போல அடுப்படிக்குப் போய், ஒரு கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேராக இட்சியாரிடம் வந்தான்.

"எல்லார் முன்னாடியும் உங்கள வெளிய அனுப்பிட்டேன், மனசு கேக்கல. இந்தாங்க, காப்பி. சூடா இருக்கு, பாத்துக் குடிங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இட்சியார் கோப்பையை வாங்கிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து ஃபெர்மின் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.