எய்சாகு மீன் சுடும் வரி

1

இந்தக் கதை ஒரு ரப்பர் துண்டிலிருந்து வந்தது. ரப்பரைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

முதல் தொடக்கம்: 'டோக்கியோவில் அன்று மழை...' (வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

இரண்டாவது: பாடநூல் பதிப்பகம் ஒன்றின் மாடியில், பதிப்பாசிரியர் ஷிபாதா ஜப்பானிய வினைச்சொல் பயிற்சி நூலின் மெய்ப்பைப் பரப்பி வைத்திருந்தார். யாகு என்றால் சுடு. யாய்தே, சுட்டு. அதோடு 'இரு' சேர்ந்தால் யாய்தே இரு: சுட்டுக்கொண்டிருக்கிறார், மீன் இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. நூலை எழுதிய தோகியே டீச்சர் பதினெட்டு வருடங்களுக்கு முன்பு எல்லா உதாரணத்திலும் தன் கணவர் எய்சாகுவையே போட்டிருந்தார்.*

எய்சாகு போன வசந்தத்தில் இறந்துவிட்டார். ஷிபாதாவுக்கு அது தெரியும். தெரிந்தும் பன்னிரண்டு எய்சாகுவையும் அடித்து, தனாகா என்று எழுதியிருந்தார்.

* 'இற' என்ற வினைக்கு மட்டும் டீச்சர் ஓர் எலியைப் போட்டிருந்தார்.

2

"புதுப் பதிப்புல எல்லாருக்கும் பொதுப் பேருதான் டீச்சர். மேலிடத்து உத்தரவு."

"பரவால்ல ஷிபாதா சான். அவருக்கும் ஓய்வு வேணும்ல? 'குளி' உதாரணத்துல பதினெட்டு வருஷமா குளிச்சுக்கிட்டே இருக்காரு, தோலே ஊறிப்போயிருக்கும்."

ஷிபாதாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"இந்த மீன் வரி மட்டும்..." டீச்சர் விரலை அங்கேயே வைத்திருந்தார். "ஞாயித்துக்கிழமை ஆனா கானாங்கெளுத்தியக் கருக்கிட்டு, பூனை மேல பழி போடுவாரு. எங்க வீட்ல பூனையே கிடையாது!"

அடித்த வரியை மீட்க அச்சு உலகில் ஒரு வழக்கம் உண்டு. சொற்களுக்கடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இகி' என்று எழுதுவார்கள். உயிரோடு இருக்கட்டும் என்று அர்த்தம். டீச்சர் அந்த ஒரு வரிக்கு மட்டும் அதை எழுதினார்.

"பென்சில்லதான் போட்டிருக்கேன். முடிவு உங்களோடது."

பார்லி டீயைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

3

முடிவு ஒன்று: ஷிபாதா மேலதிகாரியோடு சண்டை போட்டு வரியைக் காப்பாற்றினார். (அவ்வளவு தைரியசாலி இல்லை.)

முடிவு இரண்டு: வரி தப்பித்தவறி அச்சேறிவிட்டது, டீச்சர் கண்டு...

இல்லை. ஷிபாதா நான்தான். ரப்பரை எடுத்து டீச்சரின் 'இகி'யை அழித்தேன். புத்தகத்தில் இன்றைக்கும் தனாகாதான் மீன் சுடுகிறார். டீச்சர் எனக்கு நன்றிக் கடிதம் போட்டார். அந்த வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்போது டீச்சரும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வாசனை எனக்குத் தெரியாது, ஆனாலும் அதற்காக ஏங்குகிறேன்.

நானே 'இகி' போட்டுக்கொள்ளலாம்தான். அழித்த கைக்கு அந்த உரிமை இல்லை. அதனால் அடித்த வரியை அடித்தபடியே விடுகிறேன். பக்கத்தில் ஓரம் காலியாக இருக்கிறது, உங்களிடம் பென்சில் இருக்கும்.

[அடிக்கப்பட்டது: எய்சாகு மீன் சுட்டுக்கொண்டிருக்கிறார்.]